பதிந்து நின்ற பஸ்

பின்தொடைத் தசை கிழிந்து ஆறிவந்த நேரம். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, நோகாவிட்டாலும் தூரத்தைக் கூட்டாதே என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். மாகாண ஓட்டப் போட்டிக்கான தேர்வு நெருங்க நெருங்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு காலை, ஸ்காபரோ ஏரிக்கரையில் இடையில் நடக்காமலே ஓடினேன். திரும்பும்போது அதே இடம் மறுபடி கிழிந்தது.

நொண்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன். பஸ் வந்தது. படியில் காலைத் தூக்கியதும் "அம்மா" என்று கத்திவிட்டேன். அதைக் கேட்ட சாரதி தமிழிலேயே பேசினார்.

"நில்லுங்கோ தங்கச்சி, பஸ்ஸைப் பதிச்சு விடுறன்."

"வேண்டாம் அக்கா. அது வயசு போன ஆக்களுக்கு."

"ஆர் சொன்னது? ஏற ஏலாத ஆருக்கும்தான்."

பஸ் பெருமூச்சு விட்டபடி என் பக்கம் சரிந்து தாழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் காத்திருந்தார்கள். நான் ஏறி, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

தேர்வில் நான் ஓடவில்லை. பழையபடி கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடக்கிறேன். நடக்கும்போது யாராவது என்னைக் கடந்து ஓடினால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தப் பஸ் எனக்காகத் தாழ்ந்து நின்றதை நினைத்துக்கொண்டு, ஓடாமல் நடக்கிறேன்.