பள்ளிக் கம்பியூட்டரின் நேரம்

பென்டிரைவில் எதையாவது ஏற்றினால் றிப்னாஸ் உடனே கழற்றமாட்டான். மூலக் கோப்பின் அளவையும் ஏற்றிய கோப்பின் அளவையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் இலக்கமாக உதட்டுக்குள் வாசிப்பான். கண்ணை மூடித் திறந்து மறுபடியும் வாசிப்பான். பாலாவிச் சந்தியில் அவனுடைய கம்பியூட்டர், ஃபோன் திருத்துமிடத்துக்கு வருபவர்கள், "தம்பி ஓதித்தான் குடுப்பான்" என்று சிரிப்பார்கள்.

கரைத்தீவுப் பக்கத்துச் சிறிய பள்ளிவாசலொன்று அந்த வருட நோன்பு மாதத்துக்குச் சைரனைக் கம்பியூட்டரிடம் ஒப்படைக்க நினைத்தது. வேலை அவனிடம் வந்தது. சூரியனின் போக்கைக் கணக்கிட்டு, விடியுமுன் சாப்பிடும் ஸஹர் முடியும்போதும் நோன்பு துறக்கும்போதும் சைரனை அடிக்கும் புரோகிராமை எழுதினான். பள்ளியில் இருந்ததோ யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய விண்டோஸ் பெட்டி. அவன் லெப்டொப்பில் ஓடியதை அது திறக்கவே மறுத்தது. பழைய விண்டோஸுக்கென்று தனியாக இரண்டாந்தரம் கம்பைல் செய்து, புதுக் கோப்பாக்கிக் கொண்டுபோனான். திறந்தது.

தலைப்பிறை பார்க்கும் மாலையில் ஒத்திகை. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தும் சைரன் அடிக்கவில்லை. திரையில் நோன்பு துறக்கும் நேரம் அரை மணித்தியாலம் தள்ளி நின்றது.

பள்ளித் தலைவர் இஸ்ஹாக் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, சூரியனுக்கு ஓவர்டைம் குடுத்திரிக்கியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். றிப்னாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. நோன்பு துறப்பது பிந்தினால் பசி மட்டும்தான். ஸஹரும் இப்படிப் பிந்தினால், சைரனை நம்பி ஊரே விடியற்காலச் சுபஹ் வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். முதல் நோன்பே எல்லாருக்கும் முறிந்துபோகும்.

"ரெண்டாந்தரம் செஞ்சதுலதான் பிழையோ?" என்று பாங்கு சொல்லும் மோதினார் அத்தாஉல்லா மெதுவாகக் கேட்டார்.

அவனுக்கும் அதே சந்தேகம்தான். அந்தக் கோப்பையே லெப்டொப்பில் ஓடவிட்டான். நேரம் சரி. பள்ளிப் பெட்டியில் ஓடவிட்டான். அதே அரை மணித்தியாலம். கோப்பில் ஓர் எழுத்து வித்தியாசமில்லை. இரண்டு திரைகளின் மூலையிலும் மணி ஒன்றாகவே இருந்தது.

பிறை கண்டாயிற்று என்று ஒலிபெருக்கி சொன்னது.

"நாளைக்கு அடிக்கும்தானே?" இஸ்ஹாக் இப்போது சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன்."

அரை மணித்தியாலத்தைக் கழித்து எழுதிவிடலாம், யாருக்கும் தெரியவராது. ஆனால் ஏன் கழிக்கிறோம் என்று தெரியாத கணக்கில் ஊரின் நோன்பை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"இந்தப் பெட்டி வேணாம், இஸ்ஹாக் நானா." அத்தனை பேர் முன்னால் அவன் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததில்லை. "காரணம் எனக்கு இன்னும் வெளங்கல்ல. என்ட லெப்டொப்ப வெச்சிட்டுப் போறன். அதையும் நம்பாம, மோதினார் கலண்டரோட ஒத்துப் பாத்துத்தான் அடிக்க விடோணும்."

"அப்ப ஒன்ட கடை?"

"பெருநாள் வரைக்கும் ஃபோன மட்டும் திருத்துறன்."

காரணம் நோன்பு மாதம் பாதி போன பிறகுதான் அகப்பட்டது. நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்துக்கு எவ்வளவு முந்தியது என்பதைப் புரோகிராம் விண்டோஸிடம்தான் கேட்டு வாங்கியது. இலங்கை தன் நேரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளியது இரண்டாயிரத்து ஆறில். அந்தப் பெட்டியின் விண்டோஸ் அதற்கு முந்தியது; பழைய வித்தியாசத்தையே, அரை மணித்தியாலம் கூட்டிச் சொன்னது. யாரோ திரை மூலை மணியை மட்டும் கையால் திருத்தி வைத்திருந்தார்கள்.