இயற்கை எய்தினார்

என் தங்கையின் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் பிழை பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. வருவாய்த் துறையில் ஆயுள் முழுக்கக் குறிப்பெழுதி ஓய்வு பெற்றவன் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்கள்? கொண்டுவந்தவர் மன்றத்தின் செயலாளர். சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

மன்றம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். பூமி சூடாகிறது, அதற்கு மனிதன்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்வதை மறுப்பதற்கு. 'எல்லாம் இயற்கை' என்பது அவர்கள் வாசகம். துண்டறிக்கையிலும் துணிப்பையிலும் அச்சடித்திருப்பார்கள். தங்கை அதில் மகளிர் அணித் தலைவி.

அவள் விவரம் தெரியாதவள் அல்ல. அவள் வீட்டுக்காரர் காலமான பிறகு நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணையைத் தனியாக நடத்தினாள். அவளை மன்றத்தில் சேர்த்தது ஒரு மைக். அதற்கு முன் அதிகாரிகள் நடத்திய பருவநிலைக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தாள். கேள்வி கேட்கக் கை தூக்கினாள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று முடித்துக்கொண்டார்கள். கேள்வி நேரத்தைச் சாப்பாட்டுக்குள் கரைப்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத, எல்லா அலுவலகத்திலும் உள்ள நடைமுறை. பிறகு மன்றத்தார் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, மைக்கை அவள் கையில் கொடுத்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்கள். அன்றைக்குப் போனவள்தான்.

"வெயிலு எப்பவும் இருக்கறதுதானுங்ணா. சூரியனுக்கே ஒரு சுத்து இருக்குது" என்பாள்.

"எப்பவும் இருந்ததுதான் அம்மிணி. இப்படி இருந்ததா?"

"நீங்க நோட்டீஸ் குடுக்கற மாதிரியே பேசறீங்ணா."

"நீ வாங்க மாட்டேங்கற மாதிரியே பேசற."

"அப்பக் கதவுல ஒட்டிட்டுப் போங்க."

இருவரும் சிரிப்போம். விஞ்ஞானத்துக்காக என் தங்கையை இழக்க நான் தயாராக இல்லை. அவளும் மன்றத்துக்காக என்னை விடவில்லை.

போன கோடையில் பண்ணையில் மயங்கி விழுந்தாள். உச்சி வெயிலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். இந்த வருடம் மாசி முடியும்போதே காற்று அனலாக இருந்தது. வெயில் தணியும்வரை சேலத்தில் என்னோடு இருக்கச் சொன்னேன். மனைவி பின்னறையை ஒழித்து, கட்டில் போட்டு வைத்தாள்.

"கத்திரி பொறக்கட்டுங்ணா, வாரேன்" என்றாள் தங்கை.

கத்திரி சித்திரைக் கடைசியில்தான் பிறக்கும். பஞ்சாங்கம் சொல்லும்வரை வெயில் வெயிலே இல்லை என்பது மன்றத்தின் கணக்கு. ஆனால் பண்ணையில் போய்ப் பார்த்தால் கோழிச் செட்டுக்கு நாலு பக்கமும் நனைத்த சாக்குகள் தொங்கின. கூரை மேல் தெளிப்பான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கோழிகளுக்கு மாசியிலேயே கத்திரி பிறந்திருந்தது. அவளுக்கு மட்டும் பஞ்சாங்கப்படி.

"எல்லாம் இயற்கைன்னா சாக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"கோழி வாயப் பொளக்குதுங்ணா. அதுங்ககிட்டக் கொள்கை பேச முடியுங்களா?"

பங்குனியில் ஒரு மத்தியானம், இரண்டு செட்டுகளுக்கு நடுவில் விழுந்துகிடந்தாள். காய்ந்த சாக்குகளை நனைத்து எடுத்துப் போயிருக்கிறாள். ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பிவந்துதான் பார்த்தார்கள். உடம்பில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது என்றாள் அவள் மகள். தோளில் கிடந்த ஈரச் சாக்கு அதற்குள் மொடமொடவென்று காய்ந்திருந்ததாம்.

செயலாளர் நீட்டிய தாளில் ஒற்றுப் பிழை இரண்டைத் திருத்தினேன். கடைசி வரிக்கு வந்தேன். 'இயற்கை எய்தினார்.' அதைக் குறுக்கே அடித்து, 'மறைந்தார்' என்று எழுதினேன்.

"ஏனுங்கய்யா, எப்பவும் போடறதுதானுங்களே" என்றார் செயலாளர். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஊரில் எல்லா பிளக்ஸிலும் அதுதான் இருக்கிறது.

என்னிடம் பதில் இருந்தது. பத்தி பத்தியாக, எண் போட்டு, நகல் யார் யாருக்கு என்பதுவரை இருந்தது. வாயைத் திறப்பதற்குள் தங்கை மகள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போகட்டுங் மாமா. மேடையேறுனா அம்மா மொதல்ல சொல்றது அந்த வார்த்தையத்தானுங்க."

அடித்ததை மறுபடி சேர்த்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இட்டேன். அது என் ஒப்பம் மாதிரியே இல்லை.

கத்திரி பிறந்த அன்று வீட்டில் இருக்க முடியாமல் பண்ணைக்குப் போனேன். வாசலில் பிளக்ஸைக் காணோம். செட்டின் மேற்குப் பக்கம், சாயங்கால வெயில் நேரே அடிக்கும் இடத்தில், மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். வெளியே வெள்ளை முதுகு மட்டும் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். தங்கை கோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அந்த வரி.

பின்னாலேயே மகள் வந்து நின்றாள். நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பாள்.

"மறைப்புக்கு வேற ஒண்ணும் கெடைக்கலீங் மாமா. அதான் அம்மா மொகத்த உள்ளபக்கமாத் திருப்பிக் கட்டச் சொன்னேன். வெயிலுக்குக் காட்ட மனசு வரலீங்க."

"சரி சாமி" என்றேன்.