வெறுங்கையோடு வந்த மருமகன்

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும். சண்டிலிப்பாயில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். யார் எதை வாங்குகிறார்கள் என்பதைவிட, யார் எதை வாங்காமல் விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும். அப்படித்தான் கஜானன் வீட்டு விஷயமும் பட்டது. முதலில் பிஸ்கட் நின்றது. பிறகு சோடா. பிறகு பிள்ளைக்குக் கட்டுகிற பம்பர்ஸ். கடைசியில் பால்மாவும் நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கிற நல்ல வாடிக்கை, கோபம் வராமல் என்ன செய்யும்?

"என்ன தம்பி, சந்தியிலை புதுசாத் திறந்த கடைக்கோ போறாய்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

இடுப்பில் பிள்ளையோடு நின்றவன் சிரித்தான். "இல்லை கமலாக்கா. நான் வேலையை விட்டிட்டன். இனி நான்தான் தாரிகாவைப் பாக்கப் போறன். அதுதான் செலவைக் குறைக்கிறம்."

"பிள்ளை பாக்கவோ? நீயோ?"

"ஓம், நான்தான். ஏன், எனக்குக் கையில்லையோ?"

அவன் முன்பு செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு லீசிங் கம்பனியில் இருந்தான். தவணைக் காசு பிந்தினவர்களின் படலையில் போய் நின்று, ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் பறித்து வருகிற வேலை. மனைவி பிரதீபாவுக்குப் பிரதேச செயலகத்தில் உத்தியோகம். பென்சன் உள்ள அரசாங்க வேலை, அதை யாரும் விடமாட்டார்கள். பிள்ளையை வேறொரு வீட்டில் காசு கொடுத்துப் பார்க்க விட்டிருந்தார்கள். அவன் விடிய வெளிக்கிடும்போதும் பிள்ளை நித்திரை, இரவு வரும்போதும் நித்திரை.

ஒருநாள் நேரத்தோடு வேலை முடிந்து, ஆசை ஆசையாகப் பிள்ளையைத் தூக்கப் போயிருக்கிறான். பிள்ளை வீரிட்டு அழுதது. ஹெல்மெட்டுக்குப் பயப்படுகிறது என்று கழற்றினான். முகத்தைக் கண்டதும் இன்னும் உரத்து வீரிட்டு, அந்த வீட்டுக்காரியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டதாம்.

"ஊர்ச் சனம் என்னைக் கண்டு கதவைச் சாத்தினது பரவாயில்லை அக்கா," என்றான். "என்ரை பிள்ளையுமோ?"

ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தேன்.

இரண்டு பேரும் இருந்து யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியதாம். அவனுடைய சம்பளத்தில் முக்கால்வாசி அந்தச் சம்பளத்தை எடுக்கப் போவதற்கே போய்க்கொண்டிருந்தது. பெற்றோல், மத்தியானக் கடைச் சாப்பாடு, பிள்ளை பார்க்கிற கூலி, களைத்து வந்து சமைக்க ஏலாமல் வாங்குகிற கொத்து ரொட்டி. பிறகென்ன, பெரிய மோட்டார் சைக்கிளை விற்றார்கள். பிரதீபா சைக்கிளில் வேலைக்குப் போனாள். காஸ் சிலிண்டர் மூலைக்குப் போய், அடுப்புக்குப் பனை மட்டையும் பன்னாடையும் ஊமலும் வந்தன. கேபிள் ரீவியை வெட்டினார்கள். முற்றத்தில் கத்தரியும் முளைக்கீரையும் முளைத்தன. பாலுக்கு ஒரு ஆடு வாங்கினான். அந்தச் சனியன் என் வேலிக் கிளுவையில் பாதியைத் தின்று தீர்த்தது, நான் வாய் திறக்கவில்லை. சரி, கொஞ்சம் திறந்தேன்.

இதையெல்லாம் ஊர் பொறுத்தது. அவன் என்வலப்பில் கை வைத்ததைத்தான் பொறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கொண்டாட்டம் என்றால் என்வலப் வேண்டும். பிறந்தநாளோ, சாமத்திய வீடோ, குடிபூரலோ, வீட்டுக்காரரின் கையில் காசு வைத்த என்வலப்பைக் கொடுத்து, வீடியோக்காரனைப் பார்த்துச் சிரித்து, ஒரு படம் எடுத்த பிறகுதான் சாப்பாட்டுப் பந்திக்குப் போகலாம். நல்ல மாதம் வந்தால் கிழமைக்குக் கிழமை என்வலப். ஞாயிற்றுக்கிழமை அங்கே கொடுத்து முடித்தவர்கள் திங்கட்கிழமை என் கடையில் கடனுக்கு அரிசி கேட்பார்கள். மானம் என்றால் அப்படியொரு மானம்!

பிரதீபாவின் பெரியப்பா அருளம்பலம் புது வீடு கட்டிக் குடிபூரல் வைத்தார். கஜானன் முதல் நாளே போனான். பிள்ளையை அங்கேயே ஏணை கட்டிப் படுக்க வைத்துவிட்டு, வாசலில் வாழை கட்டினான், தேங்காய் துருவினான், மறுநாள் பந்தியில் நின்று பரிமாறினான். "பெரியப்பா, என்னட்டை என்வலப் இல்லை, வேலை இருக்கு, வாங்குங்கோ," என்று அவரிடம் சொல்லியும் விட்டான். மனிதர் சிரித்தார்.

படம் எடுக்கிற நேரம் வந்தது. "என்வலப்பைக் குடுத்துக்கொண்டு இஞ்சாலை பாருங்கோ," என்றான் வீடியோக்காரன்.

"என்வலப் இல்லை. பிள்ளை இருக்கு, எடுங்கோ," என்றான் கஜானன்.

நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். பெரியம்மா நல்லம்மாவின் முகம் கறுத்ததைக் கண்ணால் கண்டேன். அந்தப் படம் அன்றைக்கே கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருப்பவர் பிரதீபாவின் அண்ணன் சுபாங்கன். படத்தோடு நல்லம்மாவின் குரலும் போனதாம்: "வெறுங்கையோடை வந்து நிண்டவை தம்பி. அடுப்புக்கு விறகு. பிள்ளைக்குப் பால்மாவும் இல்லை. அவனை வேலையாலை கலைச்சுப் போட்டாங்கள் போல." கண்டதெல்லாம் உண்மை. கணக்கு மட்டும் பிழை. எங்கள் ஊரில் காசை மிச்சம் பிடிக்கிறவனும் காசில்லாதவனும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

பிறகு கதை வளர்ந்தது. களவு பிடிபட்டு வேலை போனதாம். குடியாம். பிரதீபா வேலை செய்கிற கந்தோரிலும் அதே கதை. ஒருநாள் பின்னேரம் என் கடையில் நின்று அழுதே விட்டாள்.

"லீசிங் கம்பனி மனேஜர் வேறை கோல் எடுக்கிறார் அக்கா. திங்கட்கிழமை வந்தால் அந்த இடம் இருக்காம், விட்டால் வேறை ஆளாம். இவர், 'நீ ஏலாது எண்டு சொல்லு, நான் போறன்' எண்டுறார். போகச் சொன்னால் பிள்ளை திரும்பவும் ஆற்றையோ வீட்டிலை. போகாதையுங்கோ எண்டு சொல்லவும் எனக்குத் துணிவில்லை."

"போகச் சொல்லு, எனக்குப் பிஸ்கட் விக்கும்," என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கே வாய் கசந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ஓட்டோ என் கடைக்கு முன்னால் நின்றது. தடியில் கமராவைப் பூட்டிக்கொண்டு இறங்கியவன் நிருஷன், யூடியூப்காரன். வெளிநாட்டுக்காரர் அனுப்புகிற காசுக்குச் சாமான் வாங்கி, ஏழைகளின் வீட்டில் இறக்கி, அவர்கள் அழுவதைப் படம் பிடித்துப் போடுகிறவன். அரிசி, பருப்பு, சீனி, பால்மா என்று அள்ளி வாங்கினான். நானும் சந்தோஷமாக நிறுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு கேட்டானே ஒரு கேள்வி: "அன்ரி, கஜானன் எண்டவரின்ரை வீடு எது?"

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன்.

கஜானன் கிணற்றடியில் பிள்ளையின் துணி தோய்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை பக்கத்தில் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் நிருஷன் தொடங்கிவிட்டான். "வணக்கம் உறவுகளே! இண்டைக்கு ஒரு வறுமைப்பட்ட அப்பாவைப் பாக்க வந்திருக்கிறம்..." அவனுடைய மற்றக் கையில் இன்னொரு போன், அதில் வீடியோ கோலில் சுபாங்கன், காசு அனுப்பியவர் அவர்தான். குளிர்ச் சட்டையோடு காருக்குள் இருந்தார்.

"அண்ணை, அடுப்படியைக் காட்டுங்கோ. கொஞ்சம் கவலையா நில்லுங்கோ. உங்கடை கஷ்டத்தைச் சொல்லுங்கோ."

"ஆருக்குக் கஷ்டம்?" என்றான் கஜானன். பிழிந்த துணி கையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பிரதீபா சைக்கிளில் வந்து இறங்கினாள். வேலிக்கு வெளியே பாதி ஒழுங்கை நின்றது. மூட்டைகளைப் பார்த்தாள், கமராவைப் பார்த்தாள், போனில் அண்ணனைப் பார்த்தாள்.

"தங்கச்சி, வாங்கு," என்றார் சுபாங்கன். "வெக்கப்படாதை. அவனைத் திங்கட்கிழமை வேலைக்குப் போகச் சொல்லு. பிறகு நான் உங்களைக் கனடாவுக்கு எடுக்கிறன்."

கஜானன் அவளைத்தான் பார்த்தான். "நீ சொல்லு," என்றான். வாங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

அவள் சைக்கிளை வேலியில் சாத்தினாள். "கமரா ஓடுதோ?"

"ஓம் அக்கா."

"நிப்பாட்டாதை. நல்லா எடு." சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கமராவுக்கு முன்னால் போய் நின்றாள். "நான் பிரதீபா. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பட்டினி இல்லை. என்ரை புருஷனை ஒருத்தரும் கலைக்கேல்லை, தானாத்தான் விட்டவர். பிள்ளையைப் பாக்கிறார். திங்கட்கிழமையும் போகமாட்டார். விறகிலைதான் சமைக்கிறம், ஆட்டுப்பால்தான் குடுக்கிறம், என்வலப் வைக்கிறேல்லை. இனியும் வைக்கமாட்டம். விருப்பமானவை கூப்பிடுங்கோ, வந்து தேங்காய் துருவித் தாறம்."

"அப்பிடிப் போடு!" என்று நான் கத்திவிட்டேன். அந்த வீடியோ எங்கேயாவது இருந்தால் என் குரலும் இருக்கும்.

"உனக்கென்ன விசரே?" என்று சுபாங்கன் சத்தம் போட்டார். "ஆம்பிளை ஒருத்தன் கிணத்தடியிலை பிள்ளைத்துணி தோய்க்கிறான், ஊர் சிரிக்குது! நான் இஞ்சை ரண்டு வேலை செய்யிறன், தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. உங்கடை பிள்ளையள் எங்கை?"

"நித்திரை. இஞ்சை இன்னும் விடியேல்லை."

"நீங்கள் வேலையாலை வரேக்கை?"

காருக்குள் ஏதோ மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"வரேக்கையும் நித்திரைதான்," என்றார் கடைசியில்.

நிருஷன் தானாகவே கமராவை நிறுத்தினான். பாவம், அவனுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. விற்ற சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று என் கடையில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். "கொண்டு வா, எடுக்கிறன்," என்றேன். மூட்டைகள் ஒவ்வொன்றாக ஓட்டோவுக்குத் திரும்பிப் போயின.

"பிள்ளையை ஒருக்காக் காட்டு," என்றது போன்.

கஜானன் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கித் தாரிகாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அது மாமனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகப்பனின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்னை ஆரெண்டு தெரியேல்லை."

"நெடுகக் கதைச்சால் தெரியும் மச்சான்," என்றான் கஜானன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார் சுபாங்கன். ஆனால் போனை வைக்கவில்லை.