ரோசின் கடையின் வெறும் கண்ணாடி

கெண்ட் நகரத்தின் லேடேபெர்க் பகுதியில் ரோசின் ஹாகெமான் முப்பத்தொரு வருடமாக ரொட்டிக்கடை நடத்துகிறார். அந்தக் கடையின் மேல்மாடியில் நான் குடிவந்து பதினான்கு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் யார் இறந்தாலும், அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவர் முதலில் ஏறுகிற படி ரோசினுடையதுதான். அவர் கொடுக்கும் மரண அறிவிப்பை ரோசின் கடைமுகப்புக் கண்ணாடியின் இடது ஓரத்தில், தெருவைப் பார்த்தபடி ஒட்டிவிடுவார். ஞாயிறு காலை வரிசையில் நிற்பவர்கள் முதலில் அதைப் படிப்பார்கள். எத்தனை ரொட்டி வேண்டும் என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெருமுனையில் சூப்பர்மார்க்கெட் திறந்த பிறகு வரிசை பாதியானது. ரொட்டி சுடும் பொறுப்பில் இருந்த மகன் வானெஸ் ஒருநாள் சொன்னான்:

"கடைப் பேரை மாத்தணும்மா. தாத்தா பேரையே வெச்சிருந்தா தாத்தாக்கள் மட்டும்தான் வருவாங்க."

ஃபெம்கே என்ற வடிவமைப்பாளர் வந்தாள். 'பேக்கரி ஹாகெமான்' என்ற பலகை இறங்கியது. ரொட்டியின் மொறுமொறுப்பான மேல்தோலைக் குறிக்கும் 'கோர்ஸ்ட்' என்ற ஒரே சொல், கறுப்பு எழுத்தில் ஏறியது. அதோடு அவள் விடவில்லை.

"கண்ணாடி மேல எதுவுமே இருக்கக் கூடாது மேடம்."

"அப்ப செத்தவங்க?"

"செத்தவங்களப் பாத்துக்கிட்டே யாராவது கேக் வாங்குவாங்களா?"

"இந்தத் தெருவுல வாங்குவாங்க," என்றார் ரோசின்.

வானெஸ் சிரித்தான். ஆனால் அவன் முகத்தில் பல மாதத் தூக்கமின்மை தெரிந்தது.  ரோசின் அறிவிப்புகளை ஒரு கோப்பில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதை யாரும் புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. புதுப் பலகையையும் ஆஸ்பத்திரி மாதிரி வெறிச்சென்றிருந்த கண்ணாடியையும் பார்த்த எதிர்வீட்டு மார்லீன், "பல் டாக்டர் எத்தன மணிக்கு வருவாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் கில்பெர்ட் இறந்தார். கில்பெர்ட்டும் ஓமரும் ஒரு காலத்தில் சேர்ந்து பந்தயப் புறா வளர்த்தவர்கள். ஒரு புறாவின் விஷயத்தில் சண்டை வந்து பதினோரு வருடமாகப் பேச்சில்லை. ஆகவே கில்பெர்ட் வீட்டிலிருந்து ஓமருக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை. தெருவே கண்ணாடியில் படித்துத் தெரிந்துகொள்ளும், அவருக்கு மட்டும் எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று பழைய பழக்கத்தில் இருந்துவிட்டார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் காபியும் சிறு ரொட்டிகளும் கொடுப்பது இங்கே வழக்கம். இருநூறு ரொட்டிக்கு ஆர்டர் ரோசினுக்குத்தான் வந்தது. அன்று காலை அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஓமர் கடைக்குள் வந்தார்.

"இவ்வளவா? யாருக்குக் கல்யாணம்?"

ரோசினுக்குச் சுருக்கென்றது. கில்பெர்ட்டின் அடக்கம் என்று தெரிந்தே ஓமர் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தார். செத்தவன்மேல் இன்னுமா கோபம்? "ஏதோ ஆர்டர்," என்று சொல்லி, அவர் கேட்ட பழுப்பு ரொட்டியை வெட்டிக் கொடுத்து அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து ஓமர் மறுபடி வந்தார். கடையில் நானும் இருந்தேன். அவர் ரொட்டி கேட்கவில்லை.

"மருந்துக்கடையில சொன்னாங்க. கில்பெர்ட்டுக்குப் போன வியாழக்கிழம அடக்கமாம். அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன், ரோசின்."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஓமர்."

"எப்படித் தெரியும்? கண்ணாடியிலதான் ஒண்ணும் இல்லியே! உசுரோட இருக்கறப்ப அவன்கிட்ட பேச மாட்டேன்னு சொன்னேன். செத்தா வர மாட்டேன்னு சொன்னேனா?"

 ஓமர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். வானெஸ் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து மெதுவாகச் சொன்னான்: "வேணும்னா திரும்ப ஒட்டிக்கோம்மா."

"இனிமே ஒட்டி அவருக்கு என்ன ஆகப் போவுது?"

ஏப்ரனைக் கழற்றாமலே ரோசின் தெருவில் இறங்கினார். தபால்பெட்டி அருகே ஓமரைப் பிடித்துவிட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் மகனிடம் சொன்னார்:

"ஞாயித்துக்கிழம ஒம்பது மணிக்கு அவரக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒம்பது மணிக்கா? அப்பதானே கூட்டமே வரும்! பத்தர மணிக்கு மேல போயேன்."

"அவரு ஒம்பதுன்னாரு."

"நான் அடுப்பப் பாப்பேனா, ஆளப் பாப்பேனா?"

"தெரியலடா."

ஞாயிறன்று நானும் கூடப் போனேன். ரோசினின் கால்வலி எனக்குக் கவலையாக இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.  கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தாண்டியதும் ஓமர் கேட்டார்:

"எந்த வரிச?"

ரோசின் நின்றுவிட்டார். மண்டபத்தில் தட்டுகளை இறக்கிவிட்டு அன்றைக்கு அவர் நேராகக் கடைக்குத்தான் திரும்பியிருந்தார். குழி வரைக்கும் போகவே இல்லை.

"எனக்கும் தெரியாது ஓமர்."

 ஓமர் கைத்தடியால் இடப்பக்கம் காட்டினார். "நீ அந்தப் பக்கம் பாரு. நான் இந்தப் பக்கம்."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக, புதுமண் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.