விமான மாப்பிள்ளையும் ரயில் மாப்பிள்ளையும்

எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு வரன்கள் வந்தன. ஒருவர் ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். செந்தூலில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே குடியிருந்தவர். மற்றவர் சுங்கை பீசியில் புதிதாகத் திறந்திருந்த விமானத் திடலில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டால் "ஏவியேஷன்" என்று மட்டும் சொல்வார்.

அப்பா செந்தூல் ரயில் பட்டறைக்காரர். ரயில்வேயைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. பெண் பார்க்க வந்த விமானக்காரரை உட்காரவைத்து விசாரித்தார்.

"குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களா தம்பி?"

"இல்லீங்க மாமா."

"பென்ஷன்?"

"இனிமேதான் வரும்னு பேசிக்கிறாங்க."

"குடும்பத்துக்கு ஓசி பாஸாவது உண்டா?"

"பிளேன்ல ரெண்டே சீட்டுதான் மாமா."

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அம்மாவுக்கோ விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க ஆசை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஓசி பாஸிலேயே சுங்கை பீசிக்குப் போனோம்.

விமானம் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது, இறங்கவில்லை. திடலின் நடுவில் ஓர் எருமை படுத்திருந்தது. நம் மாப்பிள்ளை கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடினார். எருமையின் முதுகில் தட்டினார், காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அது எழுந்து மரியாதையாக நடந்து போனது. விமானம் இறங்கியது.

அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "மாடு மேய்க்கிறதுக்குத்தான் ஏவியேஷன்னு பேரா?"

"மேய்க்கிறது இல்ல மாமா. வெரட்டுறது."

பாவமாக இருந்தது. அம்மா அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். எல்லோரும் ஒரே ரயிலில் திரும்பினோம். சாலாக் சவுத் ஸ்டேஷன் வருவதற்குள் ரயில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தின் மேல் எருமை! இஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தது. எருமை அசை போட்டுக்கொண்டே இருந்தது. இஞ்சினிலிருந்து ஒருவர் கரி அள்ளும் ஷவலோடு குதித்தார். பார்த்தால், எங்கள் ஃபயர்மேன். அவர் ஷவலை ஆட்டி அதட்டினார். எருமை எழுந்து அவரை நோக்கி இரண்டடி வைத்ததும், வந்ததைவிட வேகமாக இஞ்சினில் ஏறிக்கொண்டார். பெட்டி பெட்டியாக ஜனங்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் எறங்கிப் பாருங்களேன்லா," என்றாள் அம்மா.

அவர் மறுபடி கால்சட்டையைச் சுருட்டினார். சற்று நேரத்தில் ரயில் கிளம்பிவிட்டது. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரிடம் அப்பா மெதுவாகக் கேட்டார்:

"ரயில்வேல சொல்லி ஒரு வேலை வாங்கித் தரட்டுமா?"

"வேணாம் மாமா. ரயில்வேல எருமை ரொம்பத் தூரத்துக்குப் பரவிக் கிடக்கும். எங்களுக்கு ஒரே திடல்தான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சம்மதம் என்பது அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தை மாதம் செந்தூல் கோயிலில் கல்யாணம். ஃபயர்மேன் மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் வந்து, பந்தியில் தானே சாம்பார் பரிமாறினார். கரி அள்ளிப் பழகிய கை. என் மாமியார் இலையில் சோற்றைக் காணவில்லை.