முள்மர ஊரும் என் பெயரும்

போன வியாழக்கிழமை நானும் மனைவியும் ஹனோவரில் திருமணப் பதிவு அலுவலகத்தில் குந்தியிருந்தோம். எங்கள் மகள் துளசிக்கும் அவளோடு வேலை செய்யும் ஆங்கிலேயப் பையன் மார்க்குக்கும் அன்று டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த நேரம். ஒரு மணி நேரம் தாமதம். இந்த நாட்டில் நான் காத்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னோர் ஆயுள் தேறும்... சரி, விடுங்கள்.

விஷயம் இதுதான். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டுமாம். எந்தப் பெயர்?

நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? அகதியாக வந்த அன்று படிவத்தில் 'கந்தையா சிவராசா' என்று எழுதினேன். கந்தையா என் அப்பா. சிவராசாதான் நான். ஜெர்மன்காரர்கள் பின்னால் நின்றதைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். முன்னால் நின்றது என் பெயராகிவிட்டது; வேலையிடத்தில் எல்லோருக்கும் நான் 'கந்தையா'. செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டால் முப்பது வருடமாக நான் 'ஓம்' சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருத்தப் போனால் இன்னும் பத்துப் படிவம் — யாருக்குத் தெம்பு இருக்கிறது?

மார்க்கின் குடும்பப் பெயர் தோர்ன்டன். பொழுது போகாமல் அதற்கு அர்த்தம் கேட்டேன். "முள்மரம் நிற்கிற ஊர்" என்றான் ஜெர்மனில். ஆங்கிலேயரில் நிறையப் பேருக்கு இப்படித்தானாம். ஹில் என்றால் குன்றடியில் இருந்தவன். பிராட்லி என்றால் அகன்ற வெளியிலிருந்து வந்தவன். ஊரை விட்டு வந்தவனைத்தான் மற்றவர்கள் ஊர்ப் பெயரால் கூப்பிட்டார்களாம்.

இதில் என்ன புதினம்? நாங்கள் இருக்கும் பீலெஃபெல்டில் நம் சனம் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர் சேர்த்து "மானிப்பாய் அண்ணை", "அச்சுவேலி அக்கா" என்று அதைத்தானே செய்கிறது! படிவத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

"அந்த முள்மர ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"தெரியாது. அதே பெயரில் பல ஊர்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை" என்றான்.

துளசி என் பக்கம் சாய்ந்தாள். "அப்பா, நான் தோர்ன்டன் எண்டு மாத்தினா உங்களுக்குக் கவலையோ?"

"சீ, இதுக்கென்ன கவலை! எனக்கு நிம்மதி" என்றேன்.

பொய். ஒரே பிள்ளை. அவளோடு சிவராசா என்ற பெயரும் போய்விட்டால், இங்கே நான் வாழ்ந்ததற்கு என்ன அடையாளம்? பென்ஷன் கடிதமா?

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "குடும்பப் பெயர்?" என்றார்.

"சிவராசா" என்றான் மார்க்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். துளசிக்கே தெரியாது போலிருக்கிறது — வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

"என் பெயரில் இருக்கிற ஊரை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெயருக்குரிய மனிதரை எனக்குத் தெரியும்" என்றான் அவன்.

அவ்வளவு நேர அலுப்பும் எங்கே போனதோ... நான் அழுதுவிட்டேன். இந்த வயதில் என்ன வெட்கம்?

வெளியே வந்ததும் மனைவிக்கு அவளுடைய அக்காவிடமிருந்து போன். "மாப்பிள்ளைக்கு இனி என்ன பேராமடி?"

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஒரு தடவைகூட என் பெயரைச் சொன்னதில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் குடும்பப் பெயர் கேட்டபோதும் அடையாள அட்டையைத்தான் நீட்டினாள். இப்போது மருமகனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ... நீங்களே சொல்லுங்கோ" என்று போனை என் கையில் திணித்துவிட்டாள்.