வட்டத்துக்குள் ஒரு தமிழ்ப்பள்ளி

ஆன்லைன் வரைபடத்தில் ஆய்வு செய்து கொடுப்பது என் தொழில். ஆனால் ஆய்வு கேட்டு வந்தவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை, எல்லோருக்கும் வேண்டியது கலர் படம். நீங்களும் இந்தக் கூத்தில் மாட்டியவரென்றால் வாருங்கள், சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வோம்.

மலேசியாவில் டெங்கில் பக்கம், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. பள்ளி இருந்த நிலம் கைமாறிவிட்டதால் வேறிடம் போயாக வேண்டும். எங்கே போனால் பிள்ளைகள் குறையாமல் வருவார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியின் கதை முடிந்தது.

பெரிய வட்டம்

பள்ளி வாரியத் தலைவர் இடத்தை முடிவு செய்துவிட்டுத்தான் வந்தார். தோட்டத்திலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், தாமான் என்கிற புதிய வீடமைப்புப் பகுதியில் ஒரு நிலம். வீடமைப்பு நிறுவனம் சும்மா தருகிறதாம். பள்ளி மண்டபத்துக்கு இவர் பெயரையும் வைக்கிறதாம். தோட்டத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நிலம் இருந்தது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிள்ளைகள் வந்துபோகக்கூடிய தூரம் எதுவரை என்று பார்க்க, அவருடைய நிலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அது நெடுஞ்சாலையைத் தாண்டிப் பாதித் தோட்டத்தை விழுங்கியது. "அங்கிள், இது நேர்கோட்டுத் தூரம். ஹைவேய தாண்ட வழி இல்ல, பிள்ளைங்க சுத்தித்தான் வரணும்" என்றேன். மனுஷர் திரையை உற்றுப் பார்த்தார். மீதிப் பாதித் தோட்டம் வெளியே நிற்பதுதான் அவர் கண்ணில் பட்டது.

"வட்டத்த கொஞ்சம் பெருசாக்கும்மா, எல்லாரும் உள்ள வந்துருவாங்க லா."

பெட்ரோல் ஸ்டேஷனில் குடியிருப்போர்

அடுத்து, பிள்ளைகள் எங்கே அதிகம் வசிக்கிறார்கள் என்று காட்டும் வெப்ப வரைபடம். தோட்டத்து முகவரியில் வீட்டு எண்ணும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. மென்பொருள் என்ன செய்யும்? தெரியாத முகவரிகளையெல்லாம் அஞ்சல் குறியீட்டின் நடுப்புள்ளியில் கொண்டுபோய்க் கொட்டியது. அந்தப் புள்ளி விழுந்தது, தலைவரின் நிலத்துக்கு எதிரே உள்ள பெட்ரோல் ஸ்டேஷனில். பள்ளிக்கூடமே அங்கே குடும்பத்தோடு பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வாழ்வதுபோல் சிவப்பாக எரிந்தது படம். தலைவருக்கு வாயெல்லாம் பல்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனேன். மலர்க்கொடி அக்கா, தோட்டத்தில் கூலி வேலை, மகள் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். அவர்தான் என்னோடு வீடு வீடாக நடந்தார். கைப்பேசியில் ஒவ்வொரு வீட்டையும் குறித்துக்கொண்டு வந்து படத்தைத் திருத்தினேன். சிவப்பு தோட்டத்துக்குள் போய்விட்டது. எங்கள் பாஸுக்கு முகம் சுருங்கியது.

"கஸ்டமரு சந்தோஷமா இருக்காரு, நீ ஏன் புள்ளிய நகர்த்துற?"

விடுமுறை நாள் பள்ளி

கடைசியாகப் பயண நேரம். பள்ளி நாள், காலை வேளை என்று கொடுத்தேன். நெடுஞ்சாலையைச் சுற்றி, நெரிசலில் ஊர்ந்து வந்ததில், தோட்டத்து வீடு ஒன்றுகூட குறித்த நேர எல்லைக்குள் வரவில்லை. இதைப் பார்த்தாவது புத்தி வருமென்று நம்பினேன். தலைவர் திரையில் இருந்த தேதியை விரலால் தட்டிக் காட்டினார்.

"பப்ளிக் ஹாலிடே அன்னிக்கு வெச்சுப் போடும்மா, ரோடு காலியா இருக்கும்."

பாஸ் அப்படியே போட்டுக் கொடுத்தார்.

கைதட்டல்

பெற்றோர் கூட்டத்தில் விடுமுறை நாள் படம் திரையில் ஏறியது. பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் எழுந்து, "பள்ளி நாள்ல இது நடக்காது" என்று சொல்லிப் பார்த்தேன். பாஸ் என்னை முறைத்தார். தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாசலில் மலர்க்கொடி அக்காவைப் பிடித்து, கல்வி இலாகாவுக்கு மனுப் போடலாம் என்றேன். அவர் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டே பதில் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

"மகள பக்கத்துல உள்ள மலாய் ஸ்கூல்ல பதிஞ்சுட்டேன் மிஸ். அவ நடந்தே போயிடுவா."

புதுப்பள்ளி திறந்தாயிற்று, தலைவரின் அறையில் அந்தக் கலர் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது, வகுப்பறைகளில்தான் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது.